அந்தப் பெயருக்குப் பின்னால் சொல்லவேண்டியது

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. மொன்றியலின் வில்லரேயில் ஒரு மருந்துக்கடையில் என் பெயரைக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தபோது, பக்கத்துக் கதிரையில் இருந்த அரியரத்தினம் இதை என் மடியில் இறக்கி வைத்துவிட்டார். கோயிலில் கண்டு தலையாட்டுகிற அளவு பழக்கம்தான் எங்களுக்கு. "பிள்ளை, நீங்கள் எழுதிறனீங்கள்தானே?" என்று தொடங்கினார். இந்தக் கேள்வியோடு தொடங்குகிறவர்கள் வழக்கமாக மகளின் அரங்கேற்ற மலருக்கு வாழ்த்துரை கேட்பார்கள். ஆகவே நான் தற்காப்பாக, "முந்தி எழுதினனான்" என்றேன்.

"ஒரு கதை சொல்லுறன். எழுதுங்கோ. ஆனா முடிவை மட்டும் மாத்தி எழுதோணும்."

கதை இதுதான். சோமாலியாவை இருபத்தொரு வருடங்கள் ஆண்டு, துரத்தப்பட்டு, லாகோஸில் இறந்துபோன சியாத் பாரே உண்மையான முஸ்லிமா இல்லையா என்று இரண்டு சோமாலியர்கள் அரியரத்தினத்தின் வான் வண்டிக்குள் வருடக்கணக்காகச் சண்டை பிடித்தார்கள். அந்தச் சண்டையில் ஒரு நாள் அவரும் வாயை வைத்தார். அதனால் ஒரு சிநேகிதரை இழந்தார். யாழ்ப்பாணத்துச் சைவருக்கு இதில் என்ன வேலை என்றுதானே கேட்கிறீர்கள்? நானும் கேட்டேன். அவர் பதில் சொல்லுமுன் என் மருந்து வந்துவிட்டது. நான் எழும்பவில்லை.

(அந்த ஆட்சியாளரின் பெயரை இங்கே ஒரு தடவை எழுதிவிட்டேன். இனி எழுதமாட்டேன். காரணம் பின்னால் வரும்.)

2

தொடக்கம், முதல் முயற்சி: "சென்ட் லோரன்டில் பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு விடியலில், நாடிழந்த மூன்று மனிதர்கள்—"

வேண்டாம். மொன்றியல் கதை என்றால் பனி கொட்டியே ஆகவேண்டும் என்று யார் சட்டம் போட்டார்கள்? அதோடு அந்த மூன்று பேரும் நாடிழந்தவர்கள் மாதிரி ஒருநாளும் இருந்ததில்லை. வானின் ஹீற்றரைக் கூட்டுவதா குறைப்பதா என்று அடிபட்டுக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் முயற்சி: "1975 ஜனவரியில், பள்ளிவாசலில் பேசிய குற்றத்துக்காகப் பத்து மதகுருமார்—"

இது கட்டுரை. எனக்குள் ஒரு கட்டுரைக்காரி இருக்கிறாள். அவளை வானின் பின்சீட்டில் ஏற்றிவிடுகிறேன், வாயைப் பொத்திக்கொண்டு வரட்டும்.

மூன்றாம் முயற்சிதான் நிலைத்தது. சென்ட் லோரன்டில் மாத்திரைகளைப் பெட்டியில் அடைக்கிற ஒரு தொழிற்சாலை. அங்கே காலை வேலைக்குப் போகிற அரியத்தார், வில்லரேயில் இரண்டு பேரை ஏற்றிக்கொள்வார். முன்சீட்டில் யூசுப். சோமாலியாவின் வடக்கே ஹர்கெய்சா நகரத்துக்காரர், நெடுவல், கண்டிப்பானவர், தேத்தண்ணிக்கு நாலு கரண்டி சீனி. பின்சீட்டில் ஷிரே. தெற்குக்காரர், குண்டர், சிரித்த முகம். ஆட்சியாளரின் ஊர்ப்பக்கத்தைச் சேர்ந்தவர்.

* மூவரும் பேசியது தொழிற்சாலைப் பிரெஞ்சு, பாதி ஆங்கிலம். அதை எந்தத் தமிழில் எழுதுவது என்று ஒரு கிழமை தலையைச் சொறிந்தேன். சோமாலியர்களை எழுத்துத் தமிழில் பேசவிட்டால் வானொலிச் செய்தி மாதிரி இருக்கிறது. அரியத்தாரின் காதுவழியே எனக்கு வந்த பேச்சு என்பதால் யாழ்ப்பாணத் தமிழிலேயே பேசட்டும். அவர் யூசுப்பைப் போலச் செய்து காட்டியபோதும் அப்படித்தான் பேசினார்.

3

சண்டை எப்படி நடக்கும் என்று ஒரு காலையைச் சொல்கிறேன். மற்றக் காலைகளும் ஏறக்குறைய இதுதான்.

"அந்தாள் தொழுதவர். நோன்பு பிடிச்சவர். கடைசிக் காலத்திலை கையிலை தஸ்பீஹ் மணிமாலை இருந்ததாம்," என்று ஷிரே பின்னாலிருந்து தொடங்குவார்.

(மணி இருந்ததா என்று எனக்குத் தெரியாது. ஷிரேக்கும் தெரியாது. யாரோ சொல்லக் கேட்டவர்.)

"தொழுதவரோ? பத்து மௌலவிமாரைச் சுடச் சொன்ன வாயாலை ஓதினவர் எண்டு சொல்லு."

"அந்தாள் கொண்டுவந்த சட்டம் என்ன சொன்னது யூசுப்? சொத்திலை பொம்பிளைக்கும் ஆம்பிளைக்கும் சரிபாதி எண்டு. மௌலவிமார் கூடாது எண்டவை. நீ உன்ரை மகளுக்கு எவ்வளவு எழுதி வைச்சிருக்கிறாய்?"

யூசுப் கண்ணாடி வழியே வெளியே பார்ப்பார். மகனுக்கும் மகளுக்கும் சரிபாதிதான் எழுதி வைத்திருந்தார். அது ஷிரேக்கும் தெரியும்.

"சட்டம் நல்லதெண்டால் ஏன் சுடோணும்?" என்பார் கடைசியில். "நல்லதைச் செய்யிறதுக்கு ஆக்களைக் கொல்லத் தேவையில்லை."

"எனக்கு எழுத்துத் தந்தது அந்தாள். நான் ஒட்டகத்துக்குப் பின்னாலை திரிஞ்ச பொடியன். கரும்பலகையோடை மாணவர் வந்து எங்கடை பாஷையை எங்களுக்கு எழுதக் காட்டினவை. அது பாவமோ?"

எழுபத்துநாலில் நகரத்துப் பாடசாலைகளை மூடி, மாணவர்களை நாட்டுப்புறத்துக்கு எழுத்தறிவிக்க அனுப்பினார்கள். அப்படிக் கரும்பலகையோடு போனவர்களில் யூசுப்பும் ஒருவர். தன் வாழ்க்கையில் செய்த ஒரேயொரு பெரிய காரியம் அதுதான் என்று அரியத்தாரிடம் தனியாகச் சொல்லியிருக்கிறார். அதைச் செய்யவைத்தவரே பதினாலு வருடம் கழித்து ஹர்கெய்சாவின் மேல் குண்டு போட்டார். அந்த நகரத்தின் சொந்த விமான நிலையத்திலிருந்து எழும்பிய விமானங்களே அந்த நகரத்தில் குண்டு போட்டன. வீட்டுக்குள் இருந்த யூசுப்பின் தாயார் ஹலிமா வெளியே வரவில்லை. யூசுப் அப்போது சவூதியில் வேலை. மாதக்கணக்கில் சேதி வரவில்லை. அடக்கம் செய்தது யார், எங்கே என்று கடைசிவரைக்கும் அவருக்குத் தெரியாது.

(ஷிரேக்கு எழுத்துப் படிப்பித்த மாணவன் யூசுப்தான் என்று ஒரு பிரதியில் எழுதினேன். கை அரித்தது, எழுதினேன். அடுத்த நாள் வெட்டினேன். அவ்வளவு பெரிய பாலைவனத்தில் அவர்கள் சந்தித்திருக்கவே முடியாது. உலகம் கதாசிரியருக்கு அவ்வளவு வசதி செய்து கொடுப்பதில்லை.)

4

இப்போது வழக்கத்துக்கு வருகிறேன். கதை முழுக்க இதில்தான் தொங்குகிறது.

இறந்துபோன ஒருவரின் பெயரைச் சொன்னால், சோமாலியர்கள் மூச்சு விடாமல் கூடவே ஒரு வாக்கியம் சொல்வார்கள்: "அல்லாஹா உ நஹரிஸ்தோ." அல்லாஹ் அவருக்கு இரங்கட்டும். நாங்கள் காலஞ்சென்ற என்று முன்னால் போடுவதைப்போல அவர்கள் இதைப் பின்னால் சொல்கிறார்கள். ஆனால் எங்களுடையது வெறும் தகவல். அவர்களுடையது வேண்டுதல்.

ஷிரே ஆட்சியாளரின் பெயரைச் சொன்னால் இதையும் சொல்வார். யூசுப் பெயரை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார். வானுக்குள் அந்த மௌனம் ஒரு நாலாவது ஆள் மாதிரி இருக்கும் என்றார் அரியத்தார்.

"இரக்கத்தைக் குடுக்கிறது அல்லாஹ். நாங்கள் கேக்கிறது மட்டும்தான். கேட்டால் என்ன குறைஞ்சுபோம்?" என்பது ஷிரேயின் கட்சி. ஒருவரின் நெஞ்சைத் திறந்து ஈமான் என்கிற இறைநம்பிக்கை இருந்ததா என்று பார்க்க மனிதருக்கு அனுமதியில்லை என்பார். அது ஒரு நல்ல கட்சிதான். எனக்குப் பிடித்திருக்கிறது.

"நான் அந்தாளுக்கு இரக்கம் கேட்டால், என்ரை அம்மாவிட்டை, கொஞ்சம் தள்ளி இரு அம்மா, இவருக்கும் இடம் விடு எண்டு சொல்லுறமாதிரி," என்பது யூசுப்பின் கட்சி. இதை எழுதும்போது பிடித்திருக்கிறது என்று சொல்லமுடியவில்லை.

நான் நடுவிலே நின்று இரண்டு பக்கமும் தலையாட்டுகிறேன் என்று நினைப்பீர்கள். உண்மைதான். ஆகவே ஒரு ஒழுங்கு செய்துகொள்கிறேன். இனி இந்தக் கதையில் இறந்தவரின் பெயர் வந்தால் பின்னால் ஒரு அடைப்புக்குறியை வெறுமையாக விடுவேன், இப்படி: ஹலிமா ( ). நிரப்புகிறதும் விடுகிறதும் உங்கள் பொறுப்பு. ஆட்சியாளரின் பெயரை எழுதினால் அதற்குப் பின்னால் குறியைப் போடுவதா விடுவதா என்று நான் தீர்மானிக்க வேண்டிவரும். அதனால்தான் எழுதமாட்டேன் என்றேன். கோழைத்தனம்தான். வேறு வழி தெரியவில்லை.

5

யூசுப் தாயாரின் நினைவாக வருடத்துக்கொருமுறை வீட்டில் குர்ஆன் ஓதிச் சாப்பாடு கொடுப்பார். ஹர்கெய்சா ஆட்கள்தான் வருவார்கள். அந்த வருடம் அரியத்தாரையும் கூப்பிட்டார். "நீ எனக்குச் சகோதரம்" என்று சொல்லிக் கூப்பிட்டார்.

அரியத்தார் சட்டையை மினுக்கிப் போட்டுக்கொண்டு போனார். மனைவி பாலாம்பிகை, "வெறுங்கையோடை போறதே?" என்று ஒரு பெட்டி ஆப்பிள் வாங்கிக் கொடுத்துவிட்டாள். செத்தவீட்டுக்குப் போனால் எப்படி இருக்கவேண்டும் என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஆண்கள் பக்கத்தில் கம்பளத்தில் சப்பாணி கட்டி இருந்தார், தலையைக் குனிந்து. ஹலிமா ( ) என்ற பெயர் வந்தபோது எல்லாரோடும் சேர்ந்து அந்த வாக்கியத்தைச் சொன்னார். ஷிரேயிடம் வானுக்குள் கேட்டுக் கேட்டுப் படித்தது, உச்சரிப்பு சுத்தமாக வந்தது. பக்கத்திலிருந்த கிழவர் அவருடைய முழங்காலைத் தட்டிக்கொடுத்தார். அரியத்தாருக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

சாப்பாட்டுக்குப் பிறகு பேச்சு எண்பத்தெட்டில் விழுந்த குண்டுகளுக்குப் போனது. யாரோ ஆட்சியாளரின் பெயரைச் சொன்னார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு சின்ன இடைவெளி வந்தது.

இடைவெளி வந்தால் நிரப்பவேண்டும் என்பதுதானே மரியாதை. அரியத்தார் நிரப்பினார். அழகாக, தெளிவாக, எல்லாருக்கும் கேட்கும்படி: "அல்லாஹா உ நஹரிஸ்தோ."

(இந்த இடத்தில் அந்த அறையை விவரித்து ஒரு பக்கம் எழுதினேன். கரண்டிகள் நின்றன, சுவர்க்கடிகாரம் கேட்டது என்றெல்லாம். எல்லாம் பொய். அரியத்தார் கம்பளத்தைத் தவிர எதையும் பார்க்கவில்லை.)

கதவோரம் இருந்த ஒரு வயதான பெண் எழும்பி, சால்வையை இழுத்து மூடிக்கொண்டு குசினிக்குள் போனது மட்டும் அவருக்குத் தெரிந்தது. முழங்காலைத் தட்டிய கிழவர் கையை எடுத்துக்கொண்டார். யூசுப் வந்து தோளைப் பிடித்து எழுப்பினார். கோபமாக இல்லை. அரியத்தாரின் சப்பாத்தைத் தானே தேடி எடுத்து வாசலில் நேராக வைத்தார்.

"திங்கக்கிழமை எனக்காக நிக்காதை அரி. நான் பஸ்ஸிலை போறன்."

6

ஒரு மாதம் அரியத்தார் பொறுத்தார். ஷிரே சிரிப்பதை விட்டுவிட்டார். வானுக்குள் ஹீற்றர் சத்தம் மட்டும்தான். பிறகு ஒருநாள் வேலை முடிந்ததும் அரியத்தார் பஸ் தரிப்புக்குப் போய் யூசுப்புக்குப் பக்கத்தில் நின்றார்.

"எனக்குத் தெரியாது யூசுப். ஆர் செத்தாலும் சொல்லுறதெண்டுதான் நினைச்சனான்."

"தெரியும். அதுக்கு நான் கோவிக்கேல்லை."

"பேந்து ஏன்?"

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிறுத்தவேண்டும். அரியத்தாரைப் பற்றி ஒரு விசயத்தை இன்னும் உங்களுக்குச் சொல்லவில்லை. அவருக்கும் மருந்துக்கடையில் அதைச் சொல்ல நேரம் எடுத்தது. அவருடைய அண்ணன் குகதாசன் ( ) எண்பத்தாறில் சுடப்பட்டார். சுட்டது ஆமி இல்லை. எங்கடை பொடியள்தான், வேறொரு இயக்கத்துக்குச் சாப்பாடு கொடுத்ததற்காக. சுட்டவன் அடுத்த ஊர்ப் பொடியன். சில வருடங்களில் அவனும் சண்டையில் செத்துப்போனான். இங்கே மொன்றியலில் ஒவ்வொரு நவம்பரும் மண்டபத்தில், சண்டையில் செத்த இயக்கப் பொடியளின் படங்களை வரிசையாக வைப்பார்கள். அந்தப் பொடியனின் படமும் இருக்கும். விளக்கேற்றும்போது எல்லாரும் எழும்பி நிற்பார்கள், அரியத்தாரும் நிற்பார். பூவும் வைப்பார். குகதாசனுக்கு ( ) அங்கே படமில்லை. துரோகிக்கு யார் படம் வைப்பார்கள்?

இதெல்லாம் யூசுப்புக்குத் தெரியும். வானுக்குள் முன்சீட்டில் இருந்தவர் அல்லவா.

"நான் உன்னைக் கேட்டனான் அரி, ஏன் எழும்பி நிக்கிறாய் எண்டு. நீ என்ன சொன்னாய்?"

அரியத்தார் பஸ் வருகிற பக்கம் பார்த்தார்.

"எல்லாரும் எழும்பினம் எண்டு சொன்னாய். அண்டைக்கு என்ரை வீட்டிலை உன்ரை வாயிலையிருந்து அது வந்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. உன்ரை அண்ணனைச் சுட்டவனுக்கு எழும்பிறவன், என்ரை அம்மாவைக் கொன்றவனுக்கும் எழும்புவான். உனக்கு ஆர் செத்தாலும் ஒண்டுதான். அது இரக்கமில்லை அரி. அது பயம்."

பஸ் வந்தது. யூசுப் ஏறுமுன் திரும்பி, "ஒருக்கா உன்ரை அண்ணனுக்காக எழும்பாமல் இருந்து காட்டு. பேந்து வா, தேத்தண்ணி குடிப்பம்," என்றார்.

* யூசுப் சொன்னது சரியா? எனக்குத் தெரியாது. அந்த அடுத்த ஊர்ப் பொடியனுக்குப் பத்தொன்பது வயதாம். அவனுக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள். ஷிரேயைக் கேட்டால், பூ வைத்ததில் என்ன பிழை என்பார். ஆனால் பூ வைத்தது இரக்கத்திலா பயத்திலா என்று அரியத்தாரைக் கேட்டேன். அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

7

இனி முடிவுகள். அரியத்தார் எழுதச் சொன்னதை முதலில் எழுதுகிறேன். வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அந்த நவம்பரில் மண்டபத்தில் எல்லாரும் எழும்பினார்கள். அரியரத்தினம் எழும்பவில்லை. பக்கத்தில் நின்ற பாலாம்பிகை அவரைப் பார்த்தாள். பிறகு அவளும் கதிரையில் இருந்தாள். அன்றே யூசுப்பின் வீட்டுக் கதவைத் தட்டினார். யூசுப் நாலு கரண்டி சீனி போட்டுத் தேத்தண்ணி

இதை முடிக்கமுடியவில்லை. பாலாம்பிகை இருந்தாள் என்று எழுதியபோதே எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அவள் கோயில் சபையின் பெண்கள் பிரிவில் செயலாளர், ஊர் பார்க்க எழும்பாமல் விடமாட்டாள்.

இன்னொரு முடிவு: ஷிரே இருவரையும் தன் வீட்டுக்கு அழைத்து, இனி வானுக்குள் அந்தப் பெயரைச் சொல்லும்போது தானும் அந்த வாக்கியத்தை விட்டுவிடுவதாக— ஷிரே அப்படிச் செய்யமாட்டார். செய்யவும் கூடாது. அவருடைய இரக்கமும் உண்மையானதுதான்.

8

நடந்தது இது.

அரியத்தார் எழும்பாமல் இருப்பது என்று தீர்மானித்துத்தான் மண்டபத்துக்குப் போனார். கடைசி வரிசையில், சுவரோரக் கதிரையாகப் பார்த்து இருந்தார். மணி அடித்தது. எல்லாரும் எழும்பினார்கள். "முழங்கால் தன்ரைபாட்டிலை எழும்பிட்டுது பிள்ளை," என்றார் என்னிடம். அதன் பிறகு யூசுப்பைக் கூப்பிட வெட்கமாக இருந்தது. அடுத்த வருடம் எழும்பாமல் இருந்துவிட்டு அவரிடம் போவோம் என்று நினைத்தார்.

யூசுப் ( ).

பார்த்தீர்களா, குறி வந்துவிட்டது. முதலாம் பகுதியிலிருந்தே நான் அதைப் போட்டிருக்கவேண்டும். மருந்துக்கடையில் இந்தக் கதையை நான் கேட்டபோதே அவர் உயிரோடு இல்லை. போடாமல் விட்டால் இதுவரைக்குமாவது வானின் முன்சீட்டில் இருந்து சண்டை பிடிப்பாரே என்று பார்த்தேன். மாசி மாதத்தில் வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழே இருந்தவர் ஆஸ்பத்திரியில் கண் திறக்கவில்லை.

பக்கத்து நகரமான லவாலில் அடக்கம். இறுகிப்போன மண்ணை இயந்திரத்தால் கிண்டியிருந்தார்கள். வரிசையில் வடக்கும் தெற்கும் தோளோடு தோள் நின்றன. ஷிரே கண்ணீரும் மூக்கும் ஓட நின்றார். அரியத்தார் வரிசைக்குப் பின்னால், தொப்பியைக் கையில் பிடித்தபடி. யாரோ யூசுப்பின் ( ) பெயரைச் சொன்னார்கள். எல்லா வாய்களும் அந்த வாக்கியத்தைச் சொல்லின. ஷிரே உரக்கச் சொன்னார். அன்றைக்கு முழங்காலைத் தட்டிய அதே கிழவர் திரும்பி அரியத்தாரைப் பார்த்தார். நீயும் சொல்லு என்பது மாதிரியான பார்வை. மன்னித்த பார்வை என்றுதான் நான் நினைக்கிறேன்.

அரியத்தாருக்கு வாய் திறக்கவில்லை.

"அந்தாளுக்குச் சொல்லிப்போட்டன் பிள்ளை. ஊரறியச் சொல்லிப்போட்டன். யூசுப்புக்குச் சொல்ல ஏலாமப் போச்சு. அதே சொல்லை, அதே வாயாலை எப்பிடி..." மருந்துக்கடைக்காரப் பெண் அவருடைய பெயரை இரண்டாம் முறையும் தப்பாகக் கூப்பிட்டாள். அவர் எழும்பவில்லை. "நான் சொன்னனான் எண்டு எழுதிவிடுங்கோ. கதைதானே. ஆருக்குத் தெரியப்போகுது?"

9

எழுதலாம். ஒரு வரி. "அரியரத்தினம் சொன்னார்" என்று எழுதினால் முடிந்தது. மூன்று நாளாக அந்த வரியை எழுதுவதும் அழிப்பதுமாக இருக்கிறேன். எழுதினால் யூசுப் ( ) பஸ்ஸில் ஏறுமுன் திரும்பிப் பார்த்த பார்வைக்கு நான் பதில் சொல்லவேண்டும். எழுதாவிட்டால் அரியத்தார் என் வீட்டுப் பக்கத்து டெப்பனர் கடையில் பால் வாங்க வரும்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டும். எனக்கு இரண்டுக்கும் தெம்பில்லை.

நேற்று அவரிடம் போய், முடிவை மாற்ற என்னால் ஏலாது என்று சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. "அப்ப எங்கடை அண்ணையின்ரை பெயரை மட்டும் வடிவா எழுதிவிடுங்கோ. அது ஒரு இடத்திலையும் இல்லை," என்றார்.

எழுதியிருக்கிறேன். நல்லதம்பி குகதாசன் ( ). கூடவே ஹலிமா ( ), யூசுப் ( ). முதலாம் பகுதியில் இன்னொரு பெயரும் இருக்கிறது. நீங்கள் அதைத் தாண்டி வந்தபோது இந்த வழக்கம் உங்களுக்குத் தெரியாது. அதற்குப் பின்னால் குறி இல்லை. வேண்டுமானால் திரும்பிப் போய்ப் போட்டுக்கொள்ளுங்கள். ஷிரே நன்றி சொல்வார். வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள்.

ஆனால் மற்ற மூன்றையும் விடாதீர்கள். இதுவரை மனதுக்குள்தான் வாசித்திருப்பீர்கள். கீழே வரும் கடைசி வரியையாவது அந்த வாக்கியத்தோடு சேர்த்து வாய்விட்டு வாசியுங்கள். அரியத்தார் பக்கத்தில்தான் நிற்கிறார், தொப்பியைக் கையில் பிடித்தபடி. நீங்கள் தொடங்கினால் அவரும் சேர்ந்து சொல்லக்கூடும்.

யூசுப் (